எல்வா பிளேட்டோ பேயாக இருந்த காலம்

அசென்ஷன் தீவில் நிரந்தரமாகத் தங்குவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. சாக வேண்டும்.

உயிரோடு இருப்பவர்களுக்கு வேலை இருக்கும்வரைதான் இடம். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் அனுமதி போகும், அடுத்த கப்பலில் ஆளும் போக வேண்டும். அட்லாண்டிக் கடலின் நடுவே இருக்கும் இந்தப் பிரிட்டிஷ் தீவில் யாரும் ஒரு முழ நிலம் வாங்க முடியாது. கட்டிய வீட்டைப் பிள்ளைக்கு விட்டுச்செல்ல முடியாது, ஏனென்றால் எவருக்கும் வீடு சொந்தமில்லை. அமெரிக்கர்களுக்கு ஓடுபாதை இருக்கிறது, பிரிட்டிஷ் விமானப் படைக்கு முகாம் இருக்கிறது, காற்றில் போகும் பேச்சையெல்லாம் பிடிப்பதற்குக் கம்பிக் காடுகளும் வெள்ளைக் கோளங்களும் இருக்கின்றன. ஆமைகளுக்கு மணல் இருக்கிறது, கழுதைகளுக்கு ரோடு இருக்கிறது. மனிதர்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. செத்தவனிடம் மட்டும்தான் ஒப்பந்தம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

எல்வா பிளேட்டோவின் கணவன் கிளெம் அந்த ஒரே வழியில் தங்கிவிட்டான். விமானத் தளத்துக்குப் போகும் எரிபொருள் குழாய்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஒரு நாள் காலையில் வால்வு ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எரிமலைக் கரிக்கல்லின்மேல் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. ஜார்ஜ்டவுனில் ஆமைகள் கரையேறும் மணலுக்குப் பக்கத்தில் அவனைப் புதைத்தார்கள். அவன் வேலை பார்த்த கம்பெனி மலர்வளையம் அனுப்பியது. வளையம் வாடுவதற்குள் வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பியது. அடுத்து வரும் குழாய்க்காரனுக்கு எத்தனை கட்டில் போட வேண்டும் என்று அந்த ஆள் எல்வாவிடமே கேட்டான்.

எல்வா இந்தத் தீவில் பிறந்தவள். அப்பா கடலடித் தந்திக் கேபிள் ஆபீஸில் பியூனாக இருந்தார். பதினெட்டு முடிந்ததும் வேலை தேடு, இல்லையென்றால் கப்பல் ஏறு என்றார்கள். தளத்துச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். தலைமுறை தலைமுறையாக வந்துபோன சிப்பாய்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்தாள். பிறகு ஒப்பந்தக்காரன் மாறினான், சலவைக்கு இயந்திரம் வந்தது, அவள் 'கிளெம் பிளேட்டோவைச் சார்ந்தவர்' ஆனாள். சார்ந்திருக்க ஆள் போனபின் அவள் இங்கே யாருமில்லை.

பிளேட்டோ என்ற பெயரைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இவர்களுடைய முன்னோர், கப்பலில் சில நாள் தூரத்திலுள்ள செயின்ட் ஹெலினா தீவில் அடிமைகளாக இருந்தபோது எஜமானர்கள் விளையாட்டாக வைத்த பெயர்கள் இவை. ஒருவனுக்கு ரோமானியத் தளபதி பெயர், இன்னொருவனுக்கு மாதத்தின் பெயர், இன்னொருவனுக்குக் கிரேக்க ஞானியின் பெயர். ஞானியின் பெயரை வைத்துவிட்டு முதுகில் சவுக்கால் அடித்தார்கள்.

நிர்வாக அலுவலகத்தில் ஹால்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக்காரர் அவளை உட்காரச் சொன்னார். இரண்டு வருஷப் பதவிக்கு வந்தவர். கெட்டவர் இல்லை. கெட்ட சட்டங்களை நல்லவர்கள் கையில் கொடுத்து நடத்துவதுதான் வழக்கம்.

"உங்க கணவருக்காக ரொம்ப வருத்தப்படறேன், மிசஸ் பிளேட்டோ. உங்களைப் பத்திரமா வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணிடறோம்."

"எந்த வீட்டுக்கு, சார்?"

"செயின்ட் ஹெலினாவுக்கு."

"அங்க எனக்கு ஒரு அக்கா இருக்கா. வீடு இல்ல. நான் பொறந்தது உங்க ஜன்னல்ல தெரியுதே, அந்த ஆஸ்பத்திரில."

ஹால்ஃபோர்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். "சட்டப்படி இந்தத் தீவுக்குக் குடிகள்னு யாரும் கிடையாது. எல்லாரும் வேலைக்கு வந்தவங்கதான்."

"நான் வரலியே சார். பொறந்தேன்."

"அது எனக்குப் புரியுது."

"உங்களுக்குப் புரிஞ்சா லண்டனுக்கு எழுதுங்க."

"எழுதியிருக்கோம். நிறைய பேர் எழுதியிருக்காங்க." அவர் குரல் தாழ்ந்தது. "அவங்க பதில் மாறல."

எல்வா வேலை தேடினாள். பள்ளிச் சமையலறையில் கேட்டாள், கடையில் கேட்டாள், முகாமில் பாத்திரம் கழுவக் கேட்டாள். அவளைத் தெரியாதவர்கள் யாருமில்லை. எல்லோரும் அணைத்துக்கொண்டார்கள், தேநீர் கொடுத்தார்கள், வயதைச் சொன்னார்கள். கேட்பதற்கு இடமே மிச்சமில்லாமல் போனபோது கப்பல் வரும் தேதி வந்துவிட்டது.

கப்பலுக்கு முந்தின மாலை அவளுடைய சிநேகிதி ரூபினா மார்ச் ஒரு பெயின்ட் டப்பாவோடு வந்தாள். சலவைக்கூடத்தில் எல்வாவோடு ஒன்றாகத் துணி பிழிந்தவள். இப்போது முகாம் சமையலறையில் இருந்தாள். டப்பாவுக்குள் பச்சைப் பெயின்ட்.

டூ போட்ஸ் கிராமத்துக்குப் போகும் சாலை பிரியும் இடத்தில் பல்லி என்று பெயர் வைத்த ஒரு பாறை இருக்கிறது. தீவை விட்டுப் போகிறவன், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று முடிவு செய்திருந்தால், ஒரு டப்பா பெயின்டை அதன்மேல் ஊற்றிவிட்டுப் போவான். ஊற்றியவன் திரும்பி வருவதில்லை என்பது நம்பிக்கை. நிறத்தின்மேல் நிறமாக ஏறி, பாறைக்குள் எங்கோ பல்லி இருக்கிறது.

"ஊத்திட்டுப் போயிடு எல்வா," என்றாள் ரூபினா. "மனசு கிடந்து அடிச்சுக்காது."

"கிளெம் இங்க இருக்கான். நான் ஊத்தணுமா?"

"பழக்கம்டீ. எல்லாரும் வாங்கித் தர்றதுதான்."

"பாறையில பெயின்ட் ஊத்துனதால எவனும் வராம இருக்கல ரூபி. ஆபீஸ்ல அனுமதி குடுக்காததால வராம இருக்கான். பாவம், பழி பல்லிமேல."

ரூபினா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எல்வா டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

எல்வாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த மாதிரிக் கதைகள்மேல் கோபம். தீவின் நடுவே இருக்கும் பச்சை மலையில் 'தண்ணிக்காரன்' உலவுகிறான் என்று இங்கே பிறந்த எல்லாப் பிள்ளைகளையும் பயமுறுத்தியிருக்கிறார்கள். கடற்படை ஆண்ட காலத்தில், தீவில் சொட்டு நீர் மலையில் மட்டும்தான் கிடைத்தது. தொட்டியிலிருந்து ஒரு குவளை தண்ணீர் கூடுதலாக எடுத்த சிப்பாய் ஒருவனைக் கட்டிவைத்து அடித்தார்கள், அவன் செத்தான், இன்னமும் மேகம் இறங்கும் நேரத்தில் குவளையைத் தட்டிக்கொண்டு அலைகிறான் என்பது கதை. எட்டு வயதில் எல்வா ஞாயிறு பள்ளியில் எழுந்து நின்று கேட்டாளாம்: "தண்ணி கேட்டவன் ஏன் பேயா வரணும்? அடிச்ச ஆபீசர்தானே வரணும்?" அன்றைக்கு அவளுக்குச் சாக்லேட் கிடைக்கவில்லை.

கப்பல் நாளன்று அவள் பெட்டிகள் முதல் படகிலேயே போய்விட்டன. கப்பல்துறையில் எல்லோரையும் கட்டிக்கொண்டாள். கிளெமை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைசிப் படகில் வருகிறேன் என்று சொல்லிக் கல்லறைப் பக்கம் நடந்தாள். கல்லறையில் மண்டியிடவில்லை. கிளெமின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரோட்டை விட்டு விலகிக் கரிக்கல் வெளியில் இறங்கினாள். கடைசிப் படகில் நெரிசல். யாரோ அவள் ஏறிவிட்டாள் என்று சொன்னார்கள், யாரோ பார்த்தேன் என்றார்கள். கப்பல் சங்கு ஊதியபோது அவள் சிவப்பு மண்மேடுகளைத் தாண்டிப் பச்சை மலையின் வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தாள்.

அந்த மலை தீவைச் சேர்ந்ததே இல்லை என்று தோன்றும். கீழே எல்லாம் எரிந்து முடிந்த அடுப்பு. மேலே மேகம், இஞ்சி, கொய்யா, மூங்கில், ஈரத்தில் நடக்கும் மஞ்சள் நண்டுகள். கடற்படைக்காரர்கள் கட்டிய பழைய பண்ணையில் ஆடு மேய்த்தவர்கள் தங்கிய ஒரு அறைக்கு இன்னும் கூரை இருந்தது. எல்வா அங்கே தங்கினாள். பையில் கொண்டுவந்த தகரக் குவளையைச் சன்னலோரம் வைத்தாள். அதன் பக்கத்தில் பச்சைப் பெயின்ட் டப்பா.

மேகம் விலகும்போது அவளுக்கு முழுத் தீவும் தெரிந்தது. ஓடுபாதை ஒரு கோடு. வேலிகள், வேலிக்குள் வேலிகள், கம்பங்கள், கோளங்கள், ஒரு எண்ணெய்க் கப்பல், நான்கு பக்கமும் கடல். அந்த வேலிகளுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தீவு மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலுக்கும் தெரியாது. கவுன்சில் நிர்வாகிக்கு ஆலோசனை சொல்லலாம், கேட்பதும் கேட்காததும் அவர் விருப்பம். அவருக்கு மேலே செயின்ட் ஹெலினாவில் ஆளுநர், ஆளுநருக்கு மேலே லண்டன். இவ்வளவு பேர் சேர்ந்து ஆள்கிற நிலத்தில் குடி என்று ஒருவர்கூட இல்லை. மலைமேல் உட்கார்ந்து அதை நினைத்து அவள் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தாள். மேகத்துக்குள் போன அந்தச் சிரிப்புதான், கொய்யா பறிக்க வந்த இரண்டு பேரின் காதில் விழுந்தது.

அவர்கள் கூடையைப் போட்டுவிட்டுக் கீழே போனார்கள். தண்ணிக்காரன் இப்போது பெண் குரலில் சிரிக்கிறான் என்று டூ போட்ஸ் முழுவதும் தெரிந்தது.

கப்பல் செயின்ட் ஹெலினா போய்ச் சேர்ந்து, எல்வாவின் அக்கா பெட்டிகளை மட்டும் வாங்கிக்கொண்டு செய்தி அனுப்பியபோது ஹால்ஃபோர்டு ஒரு தேடுதலுக்கு உத்தரவு போட்டார். கடற்கரைகளில் தேடினார்கள், குகைகளில் தேடினார்கள். மலையில் தேடும் பொறுப்பு போலீஸ் சார்ஜென்ட் டென்சில் யோனுடையது. டென்சில் செயின்ட் ஹெலினாவிலிருந்து தனியாக வந்த காலத்தில் எல்வாவின் சமையலைத் தின்று வளர்ந்தவன். மலையில் ஒரு பகல் சுற்றிவிட்டு, சுவடு ஒன்றுமில்லை, மேகம் அதிகம், மக்கள் பேயைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பண்ணைக்குக் கீழே வளைவில் கார் ஹாரன் இரண்டு முறை அடித்தது. பிறகு கார் திரும்பிப் போகும் சத்தம். எல்வா காத்திருந்து இறங்கிப் பார்த்தாள். கழுதைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியின் விளிம்பில் ஒரு மூடிய பாத்திரம். உள்ளே சூரை மீன் கட்லெட், மிளகாய் தூக்கலாக. ரூபினாவின் கைப்பக்குவம்.

ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே நடந்தது. ஹாரன் இரண்டு முறை, கார் போகும் சத்தம், பாத்திரம். சில நாள் ஒரே சட்டியில் ஆக்கிய கறிச்சோறு, சில நாள் தேங்காய் கேக், ஒருமுறை கம்பளிக் காலுறை. அனுமதி இல்லாதவருக்கு இடம் கொடுத்தவரும் அனுமதி இழப்பார் என்பது விதி. எல்வாவுக்கு அது தெரியும். ரூபினாவைக் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை. ஆனாலும் மூன்றாவது பாத்திரத்தைத் திறந்தபோது அவளுக்கு ஒரு பழைய துறை நினைவுக்கு வந்தது.

வடமேற்கே 'ஆறுதலற்ற துறை' என்று ஒரு சின்ன மணல்துறை உண்டு. அந்தக் காலத்தில் காய்ச்சல் கண்ட கப்பல்கள் வந்தால் நோயாளிகளை அங்கே இறக்கிவிடுவார்கள். தீவில் இருந்தவர்கள் பாறையில் சாப்பாட்டை வைத்துவிட்டு, தூரப் போய் நின்று ஒரு வெடி வெடிப்பார்கள். வெடிச்சத்தம் கேட்டதும் நடக்கத் தெம்புள்ளவன் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்க ஒருவரும் வராத நாளில் புதைக்கப் போவார்கள். கரிக்கல்லுக்கு நடுவே அந்த மேடுகள் இன்னும் இருக்கின்றன. சிறுமியாக இருந்தபோது எல்வா அங்கே உட்கார்ந்து யோசித்திருக்கிறாள்: சாவதைவிட, வெடிச்சத்தத்துக்குக் காத்திருந்ததுதான் பெரிய கொடுமையாக இருந்திருக்கும் என்று.

மேகம் தரையில் கிடந்த ஒரு பிற்பகலில் டென்சில் வந்தான். சீருடையில் வந்தான். அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கொய்யா மரத்தின் முன்னால் நின்றான்.

"நான் யாரையும் பாக்கல," என்றான். "இந்த மரத்துக்கிட்ட பேசிட்டிருக்கேன்."

உள்ளேயிருந்து எல்வா, "மரம் நல்லா இருக்கான்னு கேளு," என்றாள்.

"இளைச்சுப் போச்சு போல இருக்கு, மரம்."

"திரும்பிப் பாக்காமயே தெரியுதா?"

"ஆன்ட்டி, சத்தியம் பண்ணச் சொன்னா நான் பண்ணணும். கண்ணால பாத்தேனான்னுதான் கேப்பாங்க." டென்சில் மரத்தின் பட்டையை உரித்தான். "நல்ல சேதி சொல்லத்தான் வந்தேன். ஹால்ஃபோர்டு விட்டுட்டாரு. நீ கடல்ல விழுந்திருக்கலாம்னு ஒரு பக்கம். பேய்னு சனங்க ஒரு பக்கம். பேயின்னா அவருக்கும் நிம்மதி. பேய்க்கு அனுமதி வேண்டாம். பேயைக் கப்பல்ல ஏத்தணும்னு எந்தச் சட்டமும் இல்ல."

"எல்லாருக்கும் தெரியுமா, நான்தான்னு?"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குத் தெரிய வேணாம். வாயத் திறக்க மாட்டாங்க. நீ பாட்டுக்கு இரு. பகல்ல கீழ வராத. குளிருக்கு நான் கெரசின் கொண்டுவந்து இந்த மரத்துக்குக் குடுக்கறேன்."

"எத்தன நாளைக்கு டென்சில்?"

"நீ இருக்கற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் கிளெம் மாமா பக்கத்துலதான். செத்துட்டா யாரு கேக்கப் போறா?"

மூங்கில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"உனக்கு மீன் கறி வச்சுப் போட்டேன்ல," என்றாள் எல்வா. "அதுக்காகவாவது ஒரு தடவ திரும்பிப் பாரேன்."

டென்சிலின் தோள்கள் அசைந்தன. அவன் திரும்பவில்லை. தொப்பியைக் கழற்றி மரத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மேகத்துக்குள் போனான்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இருக்க வேண்டும் என்றாள், இரு என்றுவிட்டார்கள். கிளெம் இருக்கும் மண், பிறந்த ஊர், வாரம் ஒருமுறை சாப்பாடு. எல்வா அதை நினைத்து நினைத்துத் திருப்திப்பட முயன்றாள். காலையில் தொட்டியில் முகம் கழுவினாள், இஞ்சிக் கிழங்கு தோண்டினாள், தடத்தில் யாராவது வந்தால் புதருக்குப் பின்னால் போனாள். போகப் போகப் புதருக்குப் பின்னால் போவது மூச்சுவிடுவதுபோல் ஆயிற்று. முகாமிலிருந்து இளம் சிப்பாய்கள் பீர் பாட்டிலோடு பேய் பார்க்க வந்தார்கள். அவர்களுக்காக அவள் குவளையைக் கல்லில் தட்டினாள். அவர்கள் அலறிக்கொண்டு ஓடியதைக் கண்டு முதல்முறை சிரித்தாள். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. மூன்றாம் முறை, கை தானாகத் தட்டியது. அன்றைக்கு அவள் குவளையைத் தூரப் போட்டாள். தண்ணீர் குடிக்க வேண்டியிருந்ததால் திரும்பப் போய் எடுத்துவந்தாள்.

பேய் என்று ஒன்று கிடையாது. இதில் எல்வாவுக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு: பேய் இல்லாத உலகத்தில் ஒரு மனுஷியைப் பேயாக்க முடியும் என்பதற்கு. அதற்கு மந்திரம் தேவையில்லை. பார்க்காமல் இருக்கச் சம்மதித்தால் போதும்.

ஒரு ஞாயிறு காற்று எதிர்த்திசையில் அடித்தது. ஹாரன் அவளுக்குக் கேட்கவில்லை. கார் போயிருக்கும் என்று நினைத்து அவள் கல்தொட்டிக்கு இறங்கிவந்தாள். மேகம் விலகிய இடத்தில் ரூபினா குனிந்து பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கையெட்டும் தூரம்.

"ரூபி," என்றாள் எல்வா. எவ்வளவு நாளுக்கு அப்புறம் ஒரு முகம். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ரூபினா நிமிர்ந்தாள். அவிழ்ந்த வெள்ளை முடியையும் செத்தவனின் மழைக்கோட்டையும் கையிலிருந்த தகரக் குவளையையும் பார்த்தாள். அவள் முகத்தில் சிநேகிதியைக் கண்ட அடையாளமே இல்லை. ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி.

"எல்வா," என்று மெதுவாகக் கேட்டாள், "நீ எப்ப செத்த?"

எல்வாவுக்கு முதலில் புரியவில்லை. "என்னடீ கேள்வி? செத்தவளுக்கா கறி சமைச்சுக் கொண்டாந்த?"

"தெரியல." ரூபினா கல்தொட்டியைப் பார்த்தாள். "ஆமா, இல்ல, தெரியல. ஊரே பேய் பேய்னு பேசுது. நானும் சேந்து பேசறேன், உன்னக் காப்பாத்த. சொல்லிச் சொல்லி... சாப்பாடு வெக்கறப்ப கல்லறைக்குப் பூ வெக்கற மாதிரியே இருக்கு. பாத்திரம் காலியா இருந்தா நண்டு தின்னுருக்கும்னு நினைச்சுக்கறேன்."

"என் கையத் தொட்டுப் பாரு."

எல்வா கையை நீட்டினாள். ரூபினா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தொடவில்லை. "மன்னிச்சுக்க," என்றாள். ஓடவில்லை, அலறவில்லை. கல்லறையிலிருந்து போகிறவர்கள் நடப்பதுபோலத் தலைகுனிந்து காருக்கு நடந்தாள்.

எல்வா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கறிச்சோறு முழுவதையும் தின்றாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அவளுக்கு அப்போது ஒரு காரியம் தெளிவாகிவிட்டது. இந்தத் தீவில் தங்குவதற்கு அவளுக்கு ஒரு வழியைக் கொடுத்திருக்கிறார்கள். அது கிளெமுக்குக் கொடுத்த அதே வழிதான். சாகச் சொல்லியிருக்கிறார்கள். மூச்சை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

பாத்திரத்தின் மூடியில் ஈரம் படாமல் அந்த வாரச் செய்தித்தாள் சுற்றியிருந்தது. வரும் புதன்கிழமை கவுன்சில் தேர்தல் என்று அதில் போட்டிருந்தது.

புதன்கிழமை காலையில் அவள் தொட்டியில் தலைமுதல் கால்வரை குளித்தாள். முடியை இழுத்துப் பின்னிக்கொண்டாள். கிளெமின் கோட்டை மடித்துப் பையில் வைத்து, தேவாலயத்துக்குப் போகும்போது போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். பிறகு நடுரோட்டில் இறங்கி நடந்தாள். எதிரே வந்த வண்டிகள் வேகம் குறைந்தன. ஒருவன் வண்டியைக் கரிக்கல்லில் ஏற்றிவிட்டான். எல்வா ஒவ்வொருவருக்கும் கையசைத்தாள், பெயர் சொல்லிக் காலை வணக்கம் சொன்னாள். சிலர் பதிலுக்கு வாயைத் திறந்தார்கள். சிலர் வழக்கப்படி வேறெங்கோ பார்த்தார்கள்.

ஜார்ஜ்டவுனில் பழைய கோர்ட் கட்டடத்துக்குள் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஹால்ஃபோர்டு. வாசலில் சார்ஜென்ட் டென்சில் யோன். வரிசையில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டார்கள், மரியாதையால் அல்ல. டென்சில் சுவரைப் பார்க்கத் தலையைத் திருப்பினான்.

"டென்சில், இன்னைக்கு மரம் இல்ல," என்றாள் அவள். "நான்தான்."

ஹால்ஃபோர்டின் பேனா நின்றுவிட்டது. அறையில் அவ்வளவு பேர் இருந்தும் வெளியே அலை அடிப்பது கேட்டது.

"எல்வா பிளேட்டோ," என்று சொன்னாள் எல்வா. "ஓட்டுப் போட வந்திருக்கேன். பட்டியல்ல பாருங்க."

பட்டியலில் பெயர் இருந்தது. தீவை விட்டுப் போனவரின் பெயரை அடிப்பார்கள். அவள் போனதாக எந்தக் கப்பலும் சொல்லவில்லை. செத்தவரின் பெயரை அடிப்பார்கள். அவள் செத்ததாக எந்த மருத்துவரும் சொல்லவில்லை. பேய்களை அடிக்க நிர்வாகத்தில் ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை.

ஹால்ஃபோர்டு அந்த வரியில் விரலை வைத்தார். "மிசஸ் பிளேட்டோ," என்றார் தாழ்ந்த குரலில், "நீங்க மேலேயே இருந்திருக்கலாமே. நான் கண்டுக்காம இருந்திருப்பேனே."

"அதுதான் சார் பிரச்சினை."

"இப்ப நான் உங்களைப் பாத்துட்டேன். எனக்கு வேற வழி இல்ல."

"பாத்தீங்கல்ல, அது போதும். சீட்டக் குடுங்க."

அவர் கொடுத்தார். இங்கே வாழ உரிமை கிடையாது, ஓட்டுப் போட உண்டு. அவள் மறைப்புக்குப் பின்னால் போய், நிதானமாகப் படித்து, முத்திரை வைத்து, பெட்டியில் போட்டாள். யாருக்குப் போட்டாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. திரும்பியபோது வரிசையில் ரூபினா நின்றிருந்தாள். முகாம் சமையல் ஏப்ரனோடு வந்திருந்தாள். எல்வா ஒன்றும் பேசாமல் கையை நீட்டினாள். இந்த முறை ரூபினா அதைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து, திருப்பி, உள்ளங்கையை அமுக்கிப் பார்த்தாள், சந்தையில் காய் பார்ப்பதுபோல.

"சூடா இருக்கு," என்றாள்.

"இருக்காதா பின்ன. மலையிலேருந்து நடந்து வந்திருக்கேன்."

அடுத்த கப்பல்வரை அவளை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். அவள் பிறந்த அதே ஆஸ்பத்திரியில். பேயைப் பார்க்க வராதவர்கள் எல்லோரும் இப்போது மனுஷியைப் பார்க்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றி இடமில்லை. கெஞ்சினார்கள், திட்டினார்கள், ஏன் இறங்கி வந்தாய் என்றார்கள். அனுமதி கேட்டு ஒரு மனு எழுதினார்கள், அதில் கையெழுத்துப் போடுமுன் பலர் சுற்றும்முற்றும் பார்த்தார்கள், ஏனென்றால் அவர்களும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். லண்டனின் பதில் மாறவில்லை.

கப்பல் நாளன்று டென்சில் அவளை ஜீப்பில் மலைக்குக் கூட்டிப்போய்க் குவளையையும் மிச்ச சாமான்களையும் எடுத்துவந்தான். திரும்பும் வழியில் சாலை பிரியும் இடத்தில் வேகத்தைக் குறைத்தான். மத்தியான வெயிலில் பல்லி பல நிறங்களில் மின்னிக்கொண்டிருந்தது. பச்சைப் பெயின்ட் டப்பா எல்வாவின் மடியில் இருந்தது.

"நிறுத்தட்டுமா, ஆன்ட்டி?"

"அதுக்கு ஏற்கெனவே சட்டை ஜாஸ்தி. ஓட்டு."

கொஞ்ச தூரம் போனபின் டென்சில், "அன்னைக்கு நான் திரும்பியிருக்கணும்," என்றான்.

"இப்பப் பாக்கறியே. ரோட்டையும் பாரு."

கப்பல்துறையில் அலை உயரமாக ஏறி இறங்கியது. படியிலிருந்து படகுக்குக் கால் வைக்க வேண்டுமென்றால், மேலிருந்து தொங்கும் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, அலை படகைத் தூக்கும் நேரம் பார்த்துத் தாவ வேண்டும். ஹால்ஃபோர்டு படியின் ஓரத்தில் நின்றிருந்தார். இந்த முறை கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டுமல்லவா. அவளுடைய பையை டென்சில் படகில் வீசினான். அவள் கையில் டப்பா மட்டும் இருந்தது.

"அதை நான் பிடிச்சுக்கறேன், மிசஸ் பிளேட்டோ," என்று ஹால்ஃபோர்டு கை நீட்டினார்.

"பிடிச்சுக்கங்க, சார். நீங்களே வச்சுக்கங்க." எல்வா டப்பாவை அவர் கையில் கொடுத்தாள். "உங்களுக்கு ரெண்டு வருஷந்தானே. போறப்ப வேணும்."

படகுக்காரன்தான் முதலில் சிரித்தான். பிறகு படியில் நின்ற சுமைக்காரர்கள் சிரித்தார்கள். ஹால்ஃபோர்டுக்கு அது என்ன என்று தெரியும், எல்லோருக்கும் தெரியும். அவர் டப்பாவைக் கீழே வைக்கவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல், காதுவரை சிவந்து நின்றார். அலை படகைத் தூக்கியது. எல்வா கயிற்றைப் பிடித்துத் தாவினாள்.

படகு கப்பலை நோக்கித் திரும்பியபோது துறைக்கு மேலே, ரோட்டிலிருந்து கார் ஹாரன் கேட்டது. இரண்டு முறை.

மலையில் அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு அசையாமல் நிற்கப் பழகியிருந்தது. கார் போகட்டும், யாரும் இல்லாமல் ஆகட்டும், பிறகு இறங்கலாம் என்று. இப்போதும் கழுத்து விறைத்தது. படகின் பலகையை அழுத்திப் பிடித்தாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. கார் போகவில்லை. கதவைத் திறந்துகொண்டு ரூபினா வெளியே நின்றிருந்தாள், மத்தியான வெயிலில், எல்லோரும் பார்க்க.

எல்வா படகில் எழுந்து நின்றாள். உட்காரம்மா, விழுந்துடப் போற, என்று படகுக்காரன் அதட்டினான். அவள் உட்காரவில்லை. கையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தினாள். துறை சின்னதாகி, பச்சை டப்பா ஒரு புள்ளியாகி, மலை மேகத்துக்குள் போகும்வரை அவள் கையை இறக்கவில்லை.